நால்வர் மேசையில் இருவர் ஆட்ட டெக்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரேயொரு டெக்கைப் பற்றியது. அதன் சொந்தக்காரி கணக்கியல் படிக்கும் மாணவி. இடம் வெள்ளவத்தை, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள தொடர்மாடி வீடு. ஆட்டம் மேஜிக்: த கேதரிங், ஒவ்வொருவரும் தன் சீட்டுக்கட்டை, அதாவது டெக்கை, தானே கட்டிக்கொண்டு வரும் சீட்டாட்டம். அதிலும் கமாண்டர் எனப்படும் நால்வர் ஆட்டமுறை. அவருடைய டெக் மோசமான டெக் அல்ல. ஒருவருக்கொருவர் என்று உட்கார்ந்தால் எங்கள் மூவரையும் தனித்தனியே தோற்கடித்துவிடும். நால்வராக உட்கார்ந்தால் மட்டும் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் அவராகவே இருந்தார்.

“அண்ணா, என் விளையாட்டுப் பிழையா, டெக் பிழையா?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டார். “டெக்கைத் தாருங்கள், விரித்துப் பார்ப்போம்” என்றேன். 99 சீட்டுகளையும் தரையில் வகைவகையாக அடுக்கினோம். விடை அங்கேயே கிடந்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நால்வர் மேசையில் ஒரு சீட்டின் பெறுமதி, அது எத்தனை பேரைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒருவரை மட்டும் தொடும் சீட்டைப் போட்டால் செலவு உங்களுடையது, இழப்பு அவருடையது. எதையும் செலவழிக்காத மற்ற இருவருக்கே ஆதாயம். அந்த மாணவியின் டெக்கில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட சீட்டுகள்தான் இருந்தன.

ஆட்டமுறை

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய மேஜிக் 1993 இல் வெளிவந்தபோது அது அடிப்படையில் இருவர் ஆட்டம். அந்த இருவர் ஆட்டத்தில் இன்றைய வழக்கப்படி ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள், குறைந்தது 60 சீட்டுகள், ஒரே சீட்டில் நான்கு பிரதிகள் வரை. கமாண்டரை எந்த நிறுவனமும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. அலாஸ்காவில் நண்பர்கள் தங்களுக்குள் விளையாடிய ‘எல்டர் டிராகன் ஹைலண்டர்’ பரவி, 2011 இல் மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் அதற்கென்று தயார் டெக்குகளை வெளியிடும் அளவுக்கு வளர்ந்தது. இதில் கமாண்டர் என்ற தலைமைச் சீட்டையும் சேர்த்துச் சரியாக 100 சீட்டுகள். மனாவை, அதாவது மற்றச் சீட்டுகளைப் போடக் கொடுக்கும் விலையை, தரும் அடிப்படை லேண்டுகளைத் தவிர வேறெதிலும் ஒரு பிரதிதான். ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளிகள். டெக்கின் நிறங்கள் கமாண்டரின் நிறங்களுக்குள் அடங்க வேண்டும். கமாண்டர் இறந்தால் மீண்டும் அழைக்கலாம், ஒவ்வொரு முறையும் இரண்டு மனா கூடுதலாகக் கொடுத்து.

304 விளையாடி வளர்ந்த நமக்கு நால்வர் மேசை புதிதல்ல. ஆனால் அங்கே எதிரில் இருப்பவர் நம் சோடி, யார் யாருடன் என்பது சீட்டுப் போடும் முன்பே முடிவாகிவிடும். இங்கே மூவருமே எதிராளிகள். கூட்டு ஒவ்வொரு முறையிலும் உருவாகி அந்த முறையிலேயே கலைந்துவிடலாம். டெக் கட்டும்போதே இதைக் கணக்கில் எடுக்காதவர் பிறகு கையில் எவ்வளவு நல்ல சீட்டு வைத்திருந்தும் பயனில்லை.

அந்த மாணவி மேஜிக் கற்றுக்கொண்டது அதன் கணினிப் பதிப்பான மேஜிக் அரீனாவில், பொதுமுடக்கக் காலத்தில். அரீனாவில் எதிரில் இருப்பவர் எப்போதும் ஒருவர்தான். வேகமாகத் தாக்கு, எதிராளியின் கையைக் காலிசெய், அவருக்காகச் சண்டையிடும் சீட்டுகளான கிரீச்சர்களை ஒவ்வொன்றாக அகற்று என்பதே அங்கே அவர் பழகிய பாடம். இருவர் ஆட்டத்துக்கு அது சரியான பாடம்தான்.

தரையில் விரித்த டெக்

கமாண்டர் டெய்சா கார்லொவ்: வெள்ளையும் கறுப்பும், நான்கு மனா, 2/4 (தாக்கும் பலம் 2, தாங்கும் சேதம் 4). மற்ற 99 சீட்டுகள் இப்படி இருந்தன: 33 லேண்டுகள், சோல் ரிங் போன்று மனா தருபவை 4, கூடுதல் சீட்டு எடுக்க உதவுபவை 4, மேசையில் உள்ள எல்லாக் கிரீச்சர்களையும் ஒரேயடியாகத் துடைக்கும் போர்ட் வைப் 1, ஒருவரின் சீட்டைக் குறிவைத்து அகற்றும் ரிமூவலும், ஒருவரின் கைச்சீட்டைக் கழிக்க வைப்பவையும் சேர்த்து 15, எஞ்சிய 42 உம் ஒன்று, இரண்டு, மூன்று மனாக் கிரீச்சர்கள்.

எண்களைப் பார்ப்பதற்கு முன் ஓர் ஆட்டத்தைப் பார்க்கலாம். தோல்விகளெல்லாம் ஏறக்குறைய இதே உருவத்தில்தான் வந்தன.

மாணவி தன் முதல் முறையில் ஒரு மனா விலையுள்ள கிரீச்சரைப் போட்டார், இரண்டாம் முறையில் இன்னொன்று. தாக்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது வங்கியில் வேலை செய்யும் அக்காவை. அக்கா பச்சை டெக் வைத்திருப்பவர். முதல் சில முறைகளில் லேண்டுகளைப் பெருக்குவாரே தவிர மேசையில் எதையும் வைக்கமாட்டார். தடுக்க ஆளில்லாத இடத்தைத் தாக்குவது இருவர் ஆட்டத்தில் தானாக வரும் பழக்கம். நான்காம் முறை முடிவில் அக்கா 40 இலிருந்து 26 க்கு இறங்கியிருந்தார். நடுவில் மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி ஐந்து பலமுள்ள ஒரு கிரீச்சரை இறக்கினார். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்னும் தெரியவில்லை. மாணவி உடனே சோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் போட்டு அதை ஆட்டத்தைவிட்டே நீக்கினார். எனக்கும் அக்காவுக்கும் பெரிய நிம்மதி, நாங்கள் ஒரு சீட்டைக்கூடச் செலவழிக்கவில்லை.

ஐந்தாம் முறையில் மேசையில் எட்டுக் கிரீச்சர்கள் நின்றன, ஐந்து அவருடையவை. நான் பிளாஸ்ஃபெமஸ் ஆக்ட் போட்டேன். அதன் விலை ஒன்பது மனா. மேசையில் நிற்கும் ஒவ்வொரு கிரீச்சருக்கும் ஒன்று குறையும். எட்டு நின்றதால் ஒற்றைச் சிவப்பு மனாவுக்கு முடிந்தது. எல்லாக் கிரீச்சர்களுக்கும் 13 சேதம். அவர் போட்ட ஐந்து சீட்டுகளை என் ஒரு சீட்டு விழுங்கியது. அவர் கையில் எஞ்சியது ஒரு லேண்ட் மட்டுமே. பதினான்கு புள்ளி இழந்த அக்காவிடம் அப்போது ஒன்பது லேண்டுகள். அடுத்து அவர் யாரைத் தாக்குவார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

மாணவி பிழையாக ஆடினாரா? அந்த டெக்கை வைத்துக்கொண்டு வேறு எப்படி ஆடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை டெக்கின் பிரச்சினை என்கிறேன்.

கணக்கு

மேஜிக்கின் மிகப் பழைய சீட்டுகளில் ஒன்றான லைட்னிங் போல்ட் ஒரு மனாவுக்கு மூன்று சேதம் தரும். இருவர் ஆட்டத்தில் வீழ்த்த வேண்டியது 20 புள்ளி. அதில் மூன்று என்பது 15 சதவீதம். கமாண்டரில் மூன்று எதிராளிகள், ஆளுக்கு 40, மொத்தம் 120. அதே சீட்டு இப்போது 2.5 சதவீத வேலையைத்தான் செய்கிறது. சீட்டும் அதேதான், விலையும் அதேதான். பெறுமதி ஆறில் ஒன்றாகிவிட்டது. இரண்டு பலமுள்ள கிரீச்சருக்கும் இதே கதிதான்: பத்து அடியில் முடிய வேண்டியதற்கு அறுபது அடி வேண்டும்.

கைச்சீட்டைக் கழிக்க வைப்பவற்றில் இது இன்னும் தெளிவு. அவரிடம் இருந்த மைண்ட் ரொட் மூன்று மனாவுக்கு ஒருவரை இரண்டு சீட்டுக் கழிக்க வைக்கும். ஒன்றைக் கொடுத்து இரண்டை எடுக்கிறோம், இருவர் ஆட்டத்தில் நல்ல வியாபாரம். சைஃபன் மைண்ட் அதைவிட ஒரு மனாதான் கூடுதல். மற்ற ஒவ்வொருவரும் ஒரு சீட்டைக் கழிக்க வேண்டும், அப்படிக் கழிந்த ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு சீட்டு எடுக்கலாம். நால்வர் மேசையில் மூன்று கழிகிறது, மூன்று நம் கைக்கு வருகிறது. இருவர் ஆட்டத்தில் அதே சைஃபன் மைண்டை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். டெக்கில் உள்ள ஒவ்வொரு சீட்டையும் இந்தக் கேள்வியோடு எடுத்துப் பார்க்கச் சொன்னேன்: அதன் வாசகம் ‘ஒரு எதிராளி’ என்கிறதா, ‘ஒவ்வொரு எதிராளியும்’ என்கிறதா?

அடுத்தது லேண்ட். 99 இல் 33 லேண்ட் இருந்தால், முதல் ஏழு சீட்டில் ஒன்றோ பூச்சியமோ வரும் சாத்தியம் 25 சதவீதம். நான்கில் ஒரு ஆட்டம் முடங்கிய கையோடு தொடங்குகிறது. 37 ஆக்கினால் அது 19 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வரும். நால்வர் ஆட்டத்தில் முதல் மல்லிகன் (பிடிக்காத கையைத் திருப்பிக் கொடுத்துப் புதிதாக எடுப்பது) இலவசம் என்பதால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று சிலர் வாதிடுவார்கள். நான் ஏற்கமாட்டேன். மல்லிகன் முதல் கையை மட்டும்தான் திருத்தும், ஐந்தாம் முறையில் வராத லேண்டைக் கொண்டுவராது. கமாண்டர் ஆட்டம் நீளும், நீளும் ஆட்டத்தில் மனா இல்லாதவர் வெறும் பார்வையாளர்.

சீட்டு எடுக்க உதவுபவை நான்கே இருந்தால், நான்காம் முறைக்குள் பார்க்கக்கூடிய 11 சீட்டுகளில் அவற்றில் ஒன்றாவது தென்படும் சாத்தியம் 38 சதவீதம். அவற்றைப் பதினொன்றாக்கினால் அது 75 சதவீதம். மேசையில் மற்ற மூவரும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு மூன்று சீட்டு எடுக்கிறார்கள், நாம் ஒன்று. அந்த இடைவெளியை டெக்தான் நிரப்ப வேண்டும்.

எண்ணுக்குள் எளிதில் அடங்காத ஒன்றும் உண்டு: யார் யாரைச் சுடுவார் என்பது. விளையாட்டுக் கோட்பாட்டில் மூவர் துப்பாக்கிச் சண்டை என்றொரு பழைய புதிர் இருக்கிறது. முதலாமவர் மூன்றில் ஒரு தடவை குறி தப்பாதவர், இரண்டாமவர் மூன்றில் இரண்டு தடவை, மூன்றாமவர் குறி தப்பவே மாட்டார். பலவீனமானவரிலிருந்து வரிசையாகச் சுடுகிறார்கள். முதலாமவருக்கு மிகச் சிறந்த வழி, தன் முதல் குண்டை வானத்தை நோக்கிச் சுடுவது. பலமான இருவரும் ஒருவரையொருவர் குறிவைப்பார்கள். கணக்குப் போட்டால் உயிர்பிழைக்கும் வாய்ப்பு பலவீனமானவருக்கு 40 சதவீதம், நடுவிலிருப்பவருக்கு 38, குறி தப்பாதவருக்கு வெறும் 22. இதைக் கடதாசியில் எழுதிக் காட்டியபோது மாணவி அதை இரண்டு தடவை சரிபார்த்தார். முதல் முறையிலிருந்தே தாக்கும் டெக், தான் பலமானவன் என்று மேசைக்கு அறிவித்துவிடுகிறது. உண்மையில் அந்தப் பலம் அதனிடம் இருக்கவும் இல்லை.

மாற்றியது

கமாண்டரை மாற்றவில்லை. டெய்சாவைப் பொதியில் கிடைத்தது என்பதற்காகவே அவர் வைத்திருந்தார். ஆனால் அந்தச் சீட்டில் நால்வர் மேசைக்கான மருந்து ஏற்கெனவே எழுதியிருந்தது. ஒரு கிரீச்சர் இறப்பதால் நம் பக்கத்தில் ஏதாவது ஒரு விளைவு தூண்டப்பட்டால், அது இன்னொரு தடவையும் தூண்டப்படும். அதனுடன் சுலபோர்ட் கட்த்ரோட்டைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மனா, நம் கிரீச்சர் ஒன்று இறக்கும் ஒவ்வொரு தடவையும் எதிராளிகள் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி இழப்பார்கள், நமக்கு ஒன்று கூடும். டெய்சா இருந்தால் இரண்டிரண்டு. ஒரு சிறு டோக்கன் (டெக்கில் உள்ள சீட்டு அல்ல, வேறொரு சீட்டு உண்டாக்கும் கிரீச்சர்) இறந்தால் மேசையில் ஆறு புள்ளி கரைகிறது, எவரையும் தாக்காமலே.

புதிய 99: லேண்ட் 37, மனா தருபவை 10, சீட்டு எடுக்க 11, போர்ட் வைப் 5, தனிக்குறி ரிமூவல் 6, எஞ்சிய 30 இல் டோக்கன் உண்டாக்குபவை, அவற்றைப் பலியிட வழி தருபவை, இறப்பிலிருந்து புள்ளி உறிஞ்சுபவை. கோஸ்ட்லி பிரிசனும் உள்ளே வந்தது. அது இருக்கும்வரை நம்மைத் தாக்க வரும் ஒவ்வொரு கிரீச்சருக்கும் இரண்டு மனா கட்ட வேண்டும். ‘என்னைத் தாக்காதே’ என்று யாரையும் கெஞ்சத் தேவையில்லை. பக்கத்து வீட்டைத் தாக்குவது மலிவாகிவிடுகிறது.

போர்ட் வைப் ஐந்து என்றதும் அவர் தயங்கினார். “என் கிரீச்சர்களும் சாகுமே, அண்ணா?” சாகத்தான் வேண்டும். இந்த டெக்குக்கு அதுதான் வருமானம்.

சீட்டின் விலையையும் சொல்லியாக வேண்டும், கொழும்பில் இதைப் பேசாமல் டெக் கட்ட முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதன்பிறகு வெளிநாட்டிலிருந்து சீட்டு வரவழைப்பது மாணவர்களுக்கு எட்டாத காரியம். ரிஸ்டிக் ஸ்டடி போன்ற ஒரு சீட்டுக்கு மட்டும் பத்துக்கணக்கான டொலர் போகும். எங்கள் மேசையில் ப்ரொக்சிக்குத் தடையில்லை: தாளில் அச்சடித்து, ஒரு சாதாரண லேண்டுக்கு முன்னால் வைத்து ஸ்லீவுக்குள் செருகினால் போதும். அதிகாரபூர்வப் போட்டிகளில் இது செல்லாது, நண்பர்களின் மேசையில் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் செல்லும். ஆனாலும் இந்த டெக்கின் முதுகெலும்பான கட்த்ரோட், பிளட் ஆர்ட்டிஸ்ட், சைஃபன் மைண்ட், நைட்ஸ் விஸ்பர் எல்லாம் அரிய சீட்டுகளே அல்ல. விலையுயர்ந்த சீட்டு இல்லாததால் தோற்கிறேன் என்று நினைப்பவர்கள் முதலில் தங்கள் லேண்டை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆட்டத்துக்கு முன் டெக்கின் பலத்தைப் பற்றி நால்வரும் பேசிக்கொள்வதையும் வழக்கமாக்கினோம். 2025 பெப்ரவரியில் விசார்ட்ஸ் ஒன்று முதல் ஐந்து வரையான பலப் படிநிலைகளை அறிமுகப்படுத்திய பிறகு அந்தப் பேச்சு சுருங்கிவிட்டது. இந்த டெக்கை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வைப்பேன்.

மாற்றிய பின்

மீண்டும் ஓர் ஆட்டம். மாணவி முதல் முறைகளில் லேண்ட் போட்டார், ஃபிரெக்சியன் அரீனா என்ற சீட்டை இறக்கினார், ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி கொடுத்து ஒரு சீட்டுக் கூடுதலாக எடுத்தார். கோஸ்ட்லி பிரிசன் வந்தது. நானும் தம்பியும் அக்காவின் பெரிய மிருகங்களைச் சமாளிப்பதிலேயே மூழ்கிவிட்டோம். நடு ஆட்டத்தில் தம்பி 11, நான் 14, அக்கா 18. மூவருக்கும் சேர்த்து 120 இல் 77 புள்ளி போயிருந்தது. அதில் பெரும்பகுதியை நாங்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்டோம்.

அவர் பக்கத்தில் டெய்சா, கட்த்ரோட், ஐந்து டோக்கன்கள் மட்டும் நின்றன. பார்த்தால் மேசையிலேயே எளிய படை. அப்போது ராத் ஒஃப் கோட் போட்டார். நான்கு மனா, எல்லாக் கிரீச்சர்களும் அழியும்.

அவருடைய ஏழு கிரீச்சர்களும் ஒரே கணத்தில் இறந்தன. டெய்சாவும் அதே கணத்தில் இறந்தாலும் அதன் விளைவு செல்லும். கமாண்டர் இறந்தால் முதலில் கல்லறைக்கு, அதாவது இறந்த சீட்டுகள் சேரும் குவியலுக்கு, போய்விட்டுத்தான் திரும்பும் என்று 2020 இல் விதி மாறியதால், டெய்சாவின் இறப்பும் எண்ணிக்கையில் சேரும். ஏழு இறப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை: எங்கள் ஒவ்வொருவருக்கும் 14 இழப்பு. தம்பி வெளியே. நான் சரியாக 14 இல் இருந்தேன், நானும் வெளியே. அக்கா நான்கில் நின்றார், மேசையில் ஒரு மிருகமும் இல்லாமல். அவர் இறக்கிய புதிய மிருகத்துக்கு அடுத்த முறைவரை தாக்க முடியாது. மாணவி தன் முறையில் கிரே மெர்ச்சண்ட் ஒஃப் அஸ்ஃபோடெலை இறக்கினார். மேசையில் தன் பக்கம் உள்ள கறுப்பு மனாக் குறிகளின் எண்ணிக்கை அளவுக்கு எதிராளிகள் ஒவ்வொருவரிடமிருந்தும் அது புள்ளி உறிஞ்சும். மெர்ச்சண்டின் விலையில் இரண்டு குறி, ராத் தொடாமல் விட்ட ஃபிரெக்சியன் அரீனாவின் விலையில் இரண்டு குறி. நான்கு.

அக்கா சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, “இதைத்தான் இவ்வளவு நேரமும் பொத்தி வைத்திருந்தீர்களா, தங்கச்சி?” என்று கேட்டார். மேசை முழுவதும் கலகலத்தது.

இனி எல்லா ஆட்டத்திலும் அவர் வெல்வார் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. நால்வரும் சம பலமுள்ள மேசையில் நல்ல டெக்கும் நான்கில் மூன்று தடவை தோற்கும். வெற்றியை மட்டும் அளவுகோலாக வைத்தால் டெக்கைப் பற்றி எதுவும் தெரியவராது. நான் கவனித்தது வேறு மூன்று விடயங்களை: முதலில் வெளியேறுவது இப்போது அவரல்ல, ஆறாம் முறையிலும் அவர் கையில் சீட்டு இருக்கிறது, தோற்ற ஆட்டங்களிலும் கடைசி இருவரில் ஒருவராக அடிக்கடி வருகிறார். மூன்றாவதுதான் டெக் சரியாகிவிட்டது என்று என்னை நம்ப வைத்தது.

இன்னும் தீராதது

மேசையும் கற்றுக்கொள்கிறது. தம்பி தன் நீல டெக்கோடு வெள்ளையையும் சேர்த்து ரெஸ்ட் இன் பீஸ் வைத்துவிட்டார். அது இருக்கும்வரை கல்லறைக்குப் போக வேண்டிய எல்லாச் சீட்டும், டோக்கனும்கூட, ஆட்டத்தைவிட்டே நீங்கிவிடும். எதுவும் ‘இறப்பதில்லை’, கட்த்ரோட்டும் டெய்சாவும் வேலையற்று நிற்கும். லெய்லைன் ஒஃப் த வொய்ட் என்றால் இந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. அது போட்டவரின் எதிராளிகளுடைய கல்லறைகளுக்குப் போகும் சீட்டுகளை மட்டும் நீக்கும். டோக்கன் சீட்டு அல்ல என்பதால் அது வழக்கம்போல் இறக்கும், புள்ளியும் உறிஞ்சப்படும். எந்தத் தடை வந்திருக்கிறது என்பதை வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆறு தனிக்குறி ரிமூவலில் நான்கு, கிரீச்சர்களை மட்டுமே தொடுபவையாக இருந்தன. அவற்றில் இரண்டைக் கழற்றிவிட்டு, லேண்ட் தவிர எதையும் நீக்கும் ஆங்குவிஷ்ட் அன்மேக்கிங்கையும், எதையும் அழிக்கும் ஜெனரஸ் கிஃப்டையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டார். இரண்டாவதுக்குப் பதிலாக டெக்கில் இன்னொரு டோக்கன் வழி வேண்டும் என்கிறார். தம்பியின் டெக்கில் ரெஸ்ட் இன் பீஸும் ஒரு பிரதிதான், 99 இல் ஒன்று வருவதற்கு எதற்காக இரண்டு இடத்தை ஒதுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்தக் கணக்கை மறுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.